அந்தப் புழு எந்த இலையைத் தின்னும்? மரியா சிபில்லா மேரியனின் சுரினாம் பயணம்: ஒரு நிகழ்வு ஆய்வு

1699ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து 52 வயதுப் பெண் ஒருவர் தன் 21 வயது மகளை அழைத்துக்கொண்டு தென் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். கிளம்புவதற்கு முன் உயில் எழுதி வைத்தார். பல வருடங்களாக வரைந்து சேர்த்திருந்த 255 ஓவியங்களை விற்றுப் பயணத்துக்குப் பணம் புரட்டினார். அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து அந்தத் திசைக்குப் போன பெண்கள் பெரும்பாலும் கணவரோடு போவார்கள், அல்லது ஏதாவது மதக் குழுவோடு போவார்கள். இவர் போனது புழு பூச்சிகளைப் பார்க்க. எந்த மன்னரும் அனுப்பவில்லை, எந்தப் பல்கலைக்கழகமும் அனுப்பவில்லை. போன இடம் டச்சுக்காரர்களின் கரும்புத் தோட்டக் காலனியான சுரினாம்.

மரியா சிபில்லா மேரியனைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் அவருடைய படங்களின் அழகைத்தான் சொல்வார்கள். அழகுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் எனக்கு அவருடைய கதையில் முக்கியமாகப் படுவது அவர் கேட்ட ஒரு சின்னக் கேள்வி. இந்தப் புழு எந்த இலையைத் தின்னும்? 13 வயதில் ஃபிராங்க்ஃபர்ட் வீட்டில் கேட்ட அதே கேள்வியோடுதான் 52 வயதில் கடல் தாண்டினார். அந்தக் கேள்விக்கு விடை தேட எவ்வளவு செலவானது, யார் யார் உதவினார்கள், கிடைத்த விடையை உலகம் எப்படி நடத்தியது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பெட்டிக்குள் பட்டுப்புழு

மேரியன் 1647 ஏப்ரல் 2 அன்று ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்தார். அப்பா மத்தேயுஸ் மேரியன் பெயர்பெற்ற செதுக்கோவியர். ஐரோப்பிய நகரங்களின் தோற்றங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கி, புத்தகமாக அச்சிட்டு விற்ற பதிப்பாளரும்கூட. மகளுக்கு மூன்று வயதானபோது அவர் இறந்துபோனார். அம்மா மறுமணம் செய்துகொண்ட யாக்கோப் மாரெல் பூக்களை வரைவதில் கைதேர்ந்தவர். வீடே பட்டறையாக இருந்ததால் வண்ணம் அரைப்பது, தகடு செதுக்குவது, தாளில் ஒற்றியெடுப்பது எல்லாம் சிறுமிக்கு விளையாட்டைப் போலவே கைவந்தன. பல்கலைக்கழக வாசல் பெண்களுக்கு மூடியிருந்த காலம். அவருக்குக் கிடைத்த கல்விக்கூடம் அந்தப் பட்டறைதான்.

1660இல், 13 வயதில், பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கினார். முட்டை பொரிப்பது, புழு தோல் உரிப்பது, கூடு கட்டுவது, அந்துப்பூச்சி வெளியே வருவது எல்லாவற்றையும் கவனித்துக் குறித்து வைத்தார். அப்புறம் ஊரில் கிடைத்த மற்ற புழுக்களையும் சேர்க்க ஆரம்பித்தார்.

அன்றைக்கு நிலவிய நம்பிக்கையை நினைத்துப் பார்த்தால்தான் இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். சேற்றிலிருந்தும் அழுகிய பொருளிலிருந்தும் புழு பூச்சிகள் தாமாகத் தோன்றும் என்று அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து படித்தவர்களே நம்பிவந்தார்கள். இறைச்சியைத் துணியால் மூடி வைத்தால் அதில் புழு வருவதில்லை என்று இத்தாலியில் ஃபிரான்செஸ்கோ ரெடி சோதித்துக் காட்டியது 1668இல். அதற்கு எட்டு வருடம் முன்பே ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு சிறுமி, முட்டையிலிருந்து முட்டை வரைக்குமான முழுச் சுற்றையும் கண்முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். மேரியன் மட்டும்தான் இதைச் செய்தார் என்று சொல்ல முடியாது. நெதர்லாந்தில் யான் குடார்ட் என்ற ஓவியர் புழு வளர்த்துப் படம் போட்டிருந்தார். அதே நாட்டு ஆய்வாளர் ஸ்வாமர்டாம் 1669இல் பூச்சிகளை அறுத்துப் பார்த்து எழுதினார். ஆனால் குடார்ட் புழுவையும் பூச்சியையும் வெள்ளைத் தாளில் தனியாக வரைந்தார். மேரியன் அவற்றை ஒரு செடியின் மேல் வைத்து வரைந்தார்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? புழு வளர்த்தவர்களுக்கு இது உடனே புரியும். எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் வரும் பச்சைப் புழுவை ஒருமுறை ஒரு டப்பாவில் போட்டு, கையில் கிடைத்த வேறு இலைகளை வைத்தேன். தொடவே இல்லை. மறுநாள் சுருண்டு கிடந்தது. அடுத்த புழுவுக்குக் கறிவேப்பிலையையே பறித்துப் போட்டேன், ஓயாமல் தின்றது, சில வாரத்தில் கருப்பு வண்ணத்துப்பூச்சியாகப் பறந்தது. பெரும்பாலான புழுக்கள் அப்படித்தான். ஒன்றிரண்டு செடிகளைத் தவிர வேறெதையும் தின்னாமல் பட்டினி கிடந்தே சாகும். ஆகவே புழுவை வளர்க்க விரும்புகிறவர் முதலில் செடியைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேரியனின் படங்களில் செடி வந்தது அலங்காரத்துக்காக இல்லை. செடி தெரியாமல் அந்தப் படத்தை அவரால் வரைந்திருக்கவே முடியாது.

நூரம்பர்க், வீவெர்ட், ஆம்ஸ்டர்டாம்

1665இல், 18 வயதில், மாரெலின் மாணவரான யோஹான் ஆண்ட்ரியாஸ் கிராஃப் என்ற ஓவியரை மணந்தார். 1668இல் மூத்த மகள் யோஹன்னா ஹெலேனா, 1678இல் இளையவள் டோரத்தேயா மரியா. இரண்டு பிரசவங்களுக்கும் நடுவே குடும்பம் நூரம்பர்க்கில் குடியேறியிருந்தது. அங்கே பணக்கார வீட்டுப் பெண்களுக்கு ஓவியமும் தையல்பூ வேலையும் கற்றுக்கொடுத்தார், வண்ணங்கள் விற்றார், பூக்களின் படங்களைத் தொகுப்பாக அச்சிட்டார். அந்த மாணவிகளின் தோட்டங்களுக்குள் போய்வர அனுமதி கிடைத்ததுதான் அவருக்குப் பெரிய லாபம். தோட்டம் என்றால் செடி, செடி என்றால் புழு.

1679இல் அவருடைய முதல் புழுப் புத்தகம் வந்தது. 50 தகடுகள். 1683இல் இரண்டாம் பாகம், மறுபடி 50. ஒவ்வொரு தகட்டிலும் ஒரு செடி, அதன் மேல் முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி. சில கூட்டுப்புழுக்களிலிருந்து எதிர்பார்த்த அந்துப்பூச்சி வராமல் சின்னக் குளவிகளோ ஈக்களோ வந்தபோது அதையும் மறைக்காமல் எழுதினார். புழுவுக்குள் முட்டையிட்டு அதைத் தின்று வளரும் ஒட்டுண்ணிப் பூச்சிகள் அவை என்று இன்று நமக்குத் தெரியும். அன்று அவருக்கு அது விளக்கமில்லாத ஒரு குழப்பம். தன் கருத்துக்கு இடைஞ்சலாக இருப்பதை வெட்டி எறியாமல் குறித்து வைத்ததுதான் அவரை நம்புவதற்கு எனக்குக் கிடைத்த முதல் காரணம்.

மாரெல் 1681இல் இறந்ததும் ஃபிராங்க்ஃபர்ட்டுக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு நடந்தது உறவினர்களை உலுக்கியிருக்கும். 1685இல் கணவரை விட்டுவிட்டு, அம்மாவையும் இரண்டு மகள்களையும் அழைத்துக்கொண்டு நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்தில் வீவெர்ட் என்ற ஊருக்குப் போனார். அங்கே வால்தா மாளிகையில் லபாதியர்கள் என்ற மதக் குழு சேர்ந்து வாழ்ந்தது. தனிச் சொத்து கூடாது, நகைநட்டு கூடாது, எல்லாம் பொது. அப்பாவின் முதல் மனைவிக்குப் பிறந்த அண்ணன் காஸ்பர் ஏற்கெனவே அங்கே இருந்தார். ஐரோப்பாவிலேயே பெரிய படிப்பாளிப் பெண் என்று பெயரெடுத்த ஆனா மரியா வான் ஷுர்மானும் தன் கடைசிக் காலத்தை அங்கேதான் கழித்து 1678இல் இறந்திருந்தார். கிராஃப் தேடிக்கொண்டு வந்தபோது மேரியன் அவரோடு போக மறுத்துவிட்டார். 1692இல் நூரம்பர்க் நகர மன்றம் கிராஃபுக்கு மணமுறிவு கொடுத்தது.

வீவெர்ட் வாழ்க்கையைப் பற்றி நிறைய பேர் விரிவாக எழுதுவார்கள். பயணத்தைப் பொறுத்தவரை ஒரு விஷயம் போதும். அந்த மாளிகை ஸோம்மெல்ஸ்டைக் குடும்பத்துக்குச் சொந்தமானது. அந்த வீட்டுச் சகோதரிகள் லபாதியர்கள், அவர்களுடைய சகோதரர் கார்னெலிஸ் சுரினாமின் ஆளுநர். குழுவினர் சிலர் அங்கே போய், ஆற்றின் மேற்பகுதியில் லா புரோவிடான்ஸ் என்ற தோட்டம் போட்டிருந்தார்கள். ஆக, சுரினாம் என்ற பெயர் மேரியனின் காதில் விழுந்தது ஒரு பக்தி மடத்தின் சாப்பாட்டு மேசையில். ஆளுநரை 1688இல் அவருடைய சொந்தச் சிப்பாய்களே கலகம் செய்து கொன்றார்கள். எப்படிப்பட்ட இடத்துக்குப் போகிறோம் என்பது மேரியனுக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கும்.

1690இல் அம்மா இறந்தார். அடுத்த வருடம் மகள்களோடு ஆம்ஸ்டர்டாமுக்கு வந்தார். மூத்த மகள் சுரினாமோடு வியாபாரம் செய்த யாக்கோப் ஹென்ட்ரிக் ஹெரோல்ட்டை மணந்தாள். ஆம்ஸ்டர்டாம் அன்று உலகச் சரக்கெல்லாம் வந்து இறங்கும் நகரம். மேயரும் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநருமான நிக்கோலாஸ் விட்சென், உடற்கூறியலாளர் ஃபிரெடெரிக் ரைஸ் போன்றவர்கள் வீட்டில் அறை அறையாகச் சேகரிப்பு வைத்திருந்தார்கள். சங்கு, பாம்பு, வண்ணத்துப்பூச்சி எல்லாம் பெட்டிகளில் ஊசி குத்தி, ஜாடிகளில் ஊறப்போட்டு இருக்கும். மேரியனுக்கு அவற்றைப் பார்க்க அனுமதி கிடைத்தது. பார்த்து வியந்தார். கூடவே ஒரு குறையும் பட்டது. அதைப் பின்னாளில் வெளியிட்ட சுரினாம் புத்தகத்தின் முன்னுரையில் அவரே எழுதியிருக்கிறார்: அந்தப் பூச்சிகளின் பிறப்பும் வளர்ச்சியும் அந்தப் பெட்டிகளில் இல்லை. புழுவாக இருந்தபோது எப்படி இருந்தது, எதைத் தின்றது என்று சொல்ல ஆள் இல்லை.

பெட்டியில் செத்துக் கிடக்கும் பூச்சியிடம் அவருடைய கேள்வியைக் கேட்க முடியாது. உயிரோடு இருக்கும் புழுவை, அது மேயும் செடியில், அது வாழும் ஊரில் போய்ப் பார்த்தால்தான் உண்டு. அவருடைய வாழ்க்கையைத் திரும்பத் திரும்பப் படித்தபின் எனக்குத் தோன்றுவது, சாகசம் தேடியோ புகழ் தேடியோ அவர் கிளம்பவில்லை. அவர் கற்றுக்கொண்ட முறை அதற்கு மேல் ஆம்ஸ்டர்டாமில் நகர வழியில்லாமல் நின்றது. அதனால் கிளம்பினார்.

கரும்புக் காலனியில்

சுரினாம் 1667இல் ஆங்கிலேயரிடமிருந்து டச்சுக்காரர் கைக்கு வந்தது. பதிலுக்கு ஆங்கிலேயர் கையில் நின்றது இன்றைய நியூயார்க். 1683 முதல் ஆம்ஸ்டர்டாம் நகரம், மேற்கிந்தியக் கம்பெனி, ஸோம்மெல்ஸ்டைக் என்று மூன்று பங்குதாரர்கள் சேர்ந்து அந்தக் காலனியை நடத்தினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வந்த மனிதர்களின் உழைப்பில் கரும்பு விளைந்தது. பூர்வகுடிகளிலும் பலரை அடிமைகளாக வைத்திருந்தார்கள்.

மேரியனும் டோரத்தேயாவும் காலனியின் முக்கிய ஊரான பரமாரிபோவில் வீடு எடுத்துத் தங்கினார்கள். வீட்டுத் தோட்டத்திலும் சுற்றுவட்டத்திலும் காட்டு ஓரங்களிலும் புழு தேடினார்கள். 1700இல் ஆற்றில் படகேறி லா புரோவிடான்ஸ் வரைக்கும் போனார்கள். வேலை பழைய வேலைதான்: புழுவைப் பிடி, அது இருந்த செடியின் இலையைப் பறி, பெட்டியில் வை, தினமும் பார், வரை. ஆனால் வெயிலும் ஈரமும் சேர்ந்து எல்லாவற்றையும் கெடுத்தன. புழுக்கள் செத்தன, இலைகள் அழுகின, எறும்புகள் பெட்டிக்குள் புகுந்தன. காடு முள்ளும் புதருமாக அடர்ந்து கிடந்ததால் கோடாரியோடு தன் அடிமைகளை முன்னால் அனுப்பி வழி வெட்டவைத்ததாக அவரே எழுதுகிறார். ஆம், 'தன் அடிமைகள்'. இதைத் தாண்டிப் போகக் கூடாது. அவருடைய ஆய்வு அந்த அமைப்புக்கு வெளியே நின்று நடக்கவில்லை. அதன் தோளில் உட்கார்ந்துதான் நடந்தது.

தோட்ட முதலாளிகளுக்கு அவர் ஒரு வேடிக்கை. இந்த நாட்டில் சர்க்கரையைத் தவிர வேறு எதையோ தேடுகிறாரே என்று கேலி செய்தார்கள் என்று எழுதுகிறார். மண்ணில் அவ்வளவு விளையும்போது யாருக்கும் வேறெதையும் பயிரிட்டுப் பார்க்க அக்கறையில்லையே என்று அவருக்கு ஆதங்கம்.

அவர் பார்த்ததில் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். அன்னாசிப் பழத்தை வரைந்தார், அதன் மேல் கரப்பான்பூச்சிகள். அதுதான் புத்தகத்தின் முதல் தகடு. மரவள்ளிக் கிழங்கை வரைந்து, விஷச்சாற்றைப் பிழிந்து நீக்கிவிட்டுக் கிழங்கில் ரொட்டி சுடும் விதத்தையும் எழுதினார். முதுகில் முட்டைகளைச் சுமந்து குஞ்சு பொரிக்கும் பிப்பா தேரையை வரைந்தார். நீல நிறத்தில் மின்னும் பெரிய வண்ணத்துப்பூச்சியின் இறகைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, கூரையில் ஓடு அடுக்கியதைப் போல வரிசை வரிசையாக இருக்கிறது என்றார். வண்ணத்துப்பூச்சி இறகின் செதில்களுக்கு அதைவிட நல்ல உவமை இன்றைக்கும் எனக்குத் தெரியாது. செடிகளுக்கு அந்த ஊர் மக்களும் பூர்வகுடிகளும் சொன்ன பெயர்களையே வைத்துக்கொண்டதாக முன்னுரையில் தெளிவாகச் சொல்கிறார்.

அந்தப் பெயர்களைச் சொன்னவர்கள் யார்? புத்தகத்தின் பக்கங்களில் அவர்கள் அங்கங்கே தலைகாட்டுகிறார்கள். அடிமைப் பெண் ஒருத்தி ஒரு புழுவைக் கொண்டுவந்து கொடுத்து, இதிலிருந்து என்ன பூச்சி வரும் என்று சொல்கிறாள். பூர்வகுடிகள் பூச்சிகளைப் பிடித்து வந்து தருகிறார்கள். எந்தக் காயை எப்படிச் சமைப்பது, எந்த எண்ணெய் எந்தக் காயத்துக்கு என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுகிறார். புது ஊரில் ஒரு புழுவின் செடியைக் கண்டுபிடிக்க ஒரு ஐரோப்பியருக்கு ஒரே வழி, அந்தச் செடிகளோடு வாழ்ந்தவர்களைக் கேட்பது. அவருடைய கேள்வி அவரை அடிமைகளிடமும் பூர்வகுடிகளிடமும், குறிப்பாகப் பெண்களிடமும், கொண்டு போய் நிறுத்தியது. ஆனால் ஒருவருடைய பெயர்கூடப் புத்தகத்தில் இல்லை. ஆம்ஸ்டர்டாம் சேகரிப்பாளர்களின் பெயர்கள் முன்னுரையில் வரிசையாக நிற்கின்றன.

மயில்கொன்றை

45ஆம் தகட்டில் ஒரு செடி. சிவப்பும் மஞ்சளுமான பூ, நீண்ட மகரந்தத் தண்டுகள், தட்டையான காய். நம் ஊரில் வீட்டு வாசலிலும் பள்ளிக்கூடத்து வேலியோரத்திலும் கோயில் நந்தவனத்திலும் நிற்கும் மயில்கொன்றைதான் அது. மேரியனும் அதை மயில் மலர் என்ற பொருள்படும் லத்தீன் பெயரில்தான் குறிப்பிடுகிறார்.

படத்துக்குப் பக்கத்தில் அவர் எழுதியதன் சாரம் இது. டச்சு எசமானர்கள் நல்லபடி நடத்தாததால், பூர்வகுடி அடிமைப் பெண்கள் இந்தச் செடியின் விதையைச் சாப்பிட்டுக் கருவைக் கலைக்கிறார்கள், தங்களைப் போலத் தங்கள் பிள்ளைகளும் அடிமையாகக் கூடாது என்று. கினியாவிலிருந்தும் அங்கோலாவிலிருந்தும் கொண்டுவரப்பட்ட கருப்பினப் பெண்கள் விஷயத்திலும் எசமானர்கள் கொஞ்சம் இரக்கத்தோடு நடந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் பிள்ளை பெற மறுப்பார்கள். சிலர் உயிரையே மாய்த்துக்கொள்கிறார்கள், செத்தால் சொந்த நாட்டில் சுதந்திரமாக மறுபடி பிறப்போம் என்ற நம்பிக்கையில். இதையெல்லாம் அவர்களே என்னிடம் சொன்னார்கள் என்று முடிக்கிறார்.

நான் முதல் தடவை இதைப் படித்தபோது வெகுநேரம் அந்தப் பக்கத்தைவிட்டு நகர முடியவில்லை. ஒரு பூச்சிப் புத்தகம். பணக்காரர்கள் முன்பணம் கட்டி வாங்கி, வண்ணம் பார்த்து ரசிப்பதற்காகச் செய்தது. அதில், ஒரு புழுவின் சாப்பாட்டைப் பற்றிய குறிப்புக்கு நடுவில் இது வருகிறது. எசமானர் வீட்டு ஆண் மருத்துவரிடம் அந்தப் பெண்கள் இதைச் சொல்லியிருப்பார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். இரண்டு பிள்ளை பெற்று, கணவரை விட்டு வந்து, செடிகளைப் பற்றியே ஓயாமல் விசாரித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் சொன்னார்கள். கேட்டதை அவரும் விழுங்காமல் அச்சில் ஏற்றினார். அதே நேரத்தில் அவர் வீட்டிலும் அடிமைகள் இருந்தார்கள், அவர்களை விடுவிக்க வேண்டும் என்று அவர் எங்கேயும் எழுதவில்லை. இரண்டையும் சேர்த்தேதான் அவரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒன்றைச் சொல்லி மற்றதை அழிக்க என்னால் முடியவில்லை.

திரும்பி வந்ததும் செய்ததும்

நீண்ட காலம் தங்கும் எண்ணத்தோடு போனவருக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை. காய்ச்சலும் வெயிலும் உயிரையே எடுக்கப் பார்த்தன. 1701 ஜூனில் கிளம்பி செப்டம்பர் 23 அன்று ஆம்ஸ்டர்டாம் வந்து சேர்ந்தார். கூட மகளும், ஒரு பூர்வகுடிப் பெண்ணும். புத்தகம் எழுதும்போது அந்தப் பெண் பக்கத்திலிருந்து உதவியிருக்க வேண்டும். ஊர், செடி, பூச்சி எல்லாவற்றையும் அறிந்தவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான்.

கையில் காசில்லை. கொண்டுவந்த முதலை, பாம்புகள், உடும்புகள், ஆமை ஆகியவற்றைச் சாராயத்தில் ஊறவைத்த பதத்தில் விலை பேசிக் கடிதம் எழுதினார். லண்டனில் ஜேம்ஸ் பெட்டிவர் போன்ற சேகரிப்பாளர்களோடு தொடர்பு வைத்துக்கொண்டார். புத்தகத்துக்கு முன்கூட்டியே பணம் கட்டும் சந்தாதாரர்களைத் தேடினார். 1705இல், பதிப்பாளர் யாரையும் நம்பாமல், தன் சொந்தச் செலவில் 'சுரினாம் பூச்சிகளின் உருமாற்றம்' என்ற பெருநூலை வெளியிட்டார். 60 தகடுகள், டச்சிலும் லத்தீனிலும். கன்றுத்தோல் தாளில் அவர் வரைந்த நீர்வண்ணங்களைப் பார்த்துச் செதுக்க மூன்று கைதேர்ந்த செதுக்கர்களை அமர்த்தினார். ஆம்ஸ்டர்டாம் தாவரத் தோட்டத்தின் காஸ்பர் கொமெலின் தாவரங்களின் லத்தீன் பெயர்களைக் குறிப்புகளாகச் சேர்த்தார். செலவுக்குக் கணக்குப் பார்க்கவில்லை, போட்ட பணம் திரும்பினால் போதும் என்று முன்னுரையில் சொல்கிறார்.

சரி, புத்தகம் எவ்வளவு சரியானது? பாராட்டோடு நிறுத்திக்கொண்டால் அது ஆய்வாகாது. நெற்றி நீண்ட விளக்குப் பூச்சி ஒன்று இரவில் நெருப்பைப் போல ஒளிவிட்டது, பெட்டியைத் திறந்ததும் பயந்துபோனோம் என்று எழுதினார். அந்தப் பூச்சி ஒளிவிடுவதில்லை. அந்தத் தவறு, உயிர்களை வகைப்படுத்திப் பெயரிட்ட ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் வைத்த அறிவியல் பெயரிலேயே ஏறி இன்றும் நிற்கிறது. 18ஆம் தகட்டில், ஒரே இரவில் மரத்தை மொட்டையடிக்கும் இலைவெட்டி எறும்புகளையும், வீட்டுக்குள் படையெடுத்து வந்து பூச்சிகளைத் தின்றுவிட்டுப் போகும் படை எறும்புகளையும் ஒன்றாகக் குழப்பி ஒரே இனமாக எழுதிவிட்டார். இரண்டு வருடத்தில், காய்ச்சலோடு, நூற்றுக்கணக்கான உயிர்களைப் பார்த்தவருக்கு வரக்கூடிய பிழைதான் இது. ஒன்றைக் கவனியுங்கள். இந்த இரண்டு இடத்திலும் பேச்சு, பெட்டியில் வைத்து முட்டை முதல் வளர்த்த உயிரைப் பற்றியது இல்லை. முறை கைவிட்டுப்போன இடத்தில்தான் அவருக்குச் சறுக்கியது.

அதே 18ஆம் தகடுதான் அவருக்கு நூறு வருடம் கழித்துக் கெட்ட பெயரும் வாங்கிக் கொடுத்தது. ஒரு கொய்யாக் கிளை. அதன் மேல் உரோமம் படர்ந்த பெரிய சிலந்தி ஒன்று, கூட்டிலிருந்து இழுத்துப்போட்ட ஒரு ஹம்மிங் பறவையின் மேல் ஏறி நிற்கிறது. 1758இல் லின்னேயஸ் இந்தப் படத்தை நம்பி, அந்தச் சிலந்திக்குப் பறவையைக் குறிக்கும் பெயரையே வைத்தார். 1830களில் காற்று மாறியது. பூச்சி ஆய்வாளர் வில்லியம் ஷார்ப் மெக்லே, சிலந்தி பறவையைத் தின்பதாவது என்று மறுத்தார். கரீபியத் தீவொன்றில் பாதிரியாராக இருந்த லான்ஸ்டவுன் கில்டிங், மேரியனின் தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்துக் கொண்டு பழித்து எழுதியது, அவர் இறந்தபிறகு 1834இல் அச்சானது. கில்டிங் சுரினாமுக்குப் போனதே இல்லை. அவர் கையில் இருந்ததும் மேரியன் இறந்தபிறகு பிறர் வெளியிட்ட பதிப்பு. அதில் மற்றவர்கள் சேர்த்த தகடுகளும் தாறுமாறாகப் பூசிய வண்ணங்களும் இருந்தன. அடிமைகளின் பேச்சை நம்பி ஏமாந்த பெண் என்பதும் அந்தப் பழிப்புகளில் அடக்கம்.

1863இல் இயற்கை ஆய்வாளர் ஹென்றி வால்டர் பேட்ஸ், அமேசான் பகுதியில் பெரிய சிலந்தியொன்றின் பிடியில் இரண்டு சின்னப் பறவைகள் சிக்கிக் கிடந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்ததாக எழுதினார். அப்போது மேரியன் இறந்து 146 வருடம் ஆகியிருந்தது. இதில் எனக்கு வருத்தம் தருவது அந்த மறுப்பின் வடிவம். போகாதவர்கள், பார்க்காதவர்கள், போய்ப் பார்த்தவரைப் பொய்யர் என்றார்கள். அவருடைய உண்மையான பிழைகளைத் திருத்தியிருந்தால் அது அறிவியல். ஆனால் அவர் சரியாகச் சொன்னதும் அடிமைகளும் பூர்வகுடிகளும் சொல்லித் தந்ததும் அதே கூடையில் போடப்பட்டு ஒன்றாகக் குப்பைக்குப் போனது. பல பத்தாண்டுகள் அவருடைய பெயர் பூக்கள் வரைந்த பெண்மணி என்ற அளவில் சுருங்கிக் கிடந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மகள்கள்

இந்தக் கதையில் மகள்களைப் பற்றிப் பேசாமல் விட்டால் பாதி வேலையைத்தான் சொன்னதாகும். சுரினாமில் கூடவே இருந்து புழு பிடித்தவளும் வரைந்தவளும் டோரத்தேயா. மூத்தவள் யோஹன்னா பின்னாளில் கணவரோடு சுரினாமுக்கே போய்க் குடியேறினாள். அந்தக் குடும்பத்தில் யார் எந்தக் கோட்டைப் போட்டார்கள் என்று பிரித்துச் சொல்வது கடினம், அது ஒரு பட்டறையின் வேலை.

மேரியன் கடைசி வருடங்களில் பக்கவாதம் வந்து படுத்தார். 1717 ஜனவரி 13 அன்று ஆம்ஸ்டர்டாமில் இறந்தார். அதே ஜனவரியில் ரஷ்யச் சக்கரவர்த்தி முதலாம் பீட்டரின் மருத்துவர், மேரியனின் நீர்வண்ணங்களைத் தொகுப்பாக விலைக்கு வாங்கினார். டோரத்தேயா அம்மாவின் புழுப் புத்தகத்தின் மூன்றாம் பாகத்தை அந்த வருடமே வெளியிட்டாள். பிறகு கணவர் கியோர்க் க்செல்லோடு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய், பீட்டரின் அருங்காட்சியகத்தில் இயற்கைப் பொருட்களை வரையும் பணியில் சேர்ந்தாள். அவளுடைய மகள் சலோமி அபிகாயில், கணித மேதை ஆய்லரின் இரண்டாம் மனைவியானாள்.

மற்ற ஓவியங்களில் ஒரு பெரும் பகுதி இங்கிலாந்து அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 1990களில் ஜெர்மனி வெளியிட்ட 500 மார்க் நோட்டில் மேரியனின் முகம் இருந்தது, பின்பக்கத்தில் ஒரு செடியும் அதைத் தின்னும் புழுவும்.

ஆனால் அவரைத் தெரிந்துகொள்ள எனக்குப் பிடித்த ஆவணம் வேறு. வாழ்நாள் முழுக்க வைத்திருந்த அவருடைய ஆய்வுக் குறிப்பேடு இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அறிவியல் கழக நூலகத்தில் இருக்கிறது. சின்னச் சின்னக் கன்றுத்தோல் துண்டுகளில் புழுக்கள், பக்கத்தில் ஜெர்மன் மொழியில் அவருடைய கையெழுத்து. எந்தச் செடியில் கிடைத்தது, எப்போது தோல் உரித்தது, எப்போது கூடு கட்டியது, எப்போது வெளியே வந்தது. சுரினாமும் அதில் இருக்கிறது, ஃபிரீஸ்லாந்தும் இருக்கிறது. முதல் பதிவு 1660, ஃபிராங்க்ஃபர்ட், பட்டுப்புழு.